மூடிய கதவைத் திறந்தவர்: நீதியரசர் பாத்திமா பீவி

சாதாரண தரப் பெறுபேறுகள் வந்த அன்று இரவு எங்கள் வீட்டில் ஒரு சிறிய மாநாடே நடந்தது. வாப்பா, உம்மா, உம்மும்மா, மாமா எல்லோரும் கூடியிருந்தார்கள். உயர்தரத்தில் நான் எந்தப் பிரிவைத் தெரிவுசெய்வது என்பதுதான் விடயம். விஞ்ஞானப் பிரிவுக்குப் போகக்கூடிய பெறுபேறு இருந்தது. நான் கலைப்பிரிவு என்றேன். "ஏன் மகள்?" என்று வாப்பா கேட்டார். "சட்டம் படிக்கப் போறன்" என்றேன். மாமா சிரித்துவிட்டார்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு இந்தக் கோடு கச்சேரி? அதுவும் எங்கட பிள்ளைக்கு?"

மாமா என்மீது அன்பு இல்லாதவர் அல்லர். மழைக்காலத்தில் மருதனார்மடத்திலிருந்து என்னைப் பின்னேர வகுப்புகளுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போய்க் கூட்டிவருபவர் அவர்தான். அவர் கேட்ட கேள்வியை எங்கள் சமூகத்தில் இன்னும் பலர் கேட்பார்கள். எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. பதிலைத் தேடி வாசிக்கத் தொடங்கியபோதுதான் நீதியரசர் பாத்திமா பீவி அவர்களைப் பற்றி அறிந்தேன். அவருடைய வாழ்க்கையை என் சகோதரிகளான உங்களுக்கும், உங்கள் பெற்றோருக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல் விளக்கம்

இந்தியாவின் நீதிமன்றங்களைப் பற்றி வாசிக்கும்போது நாம் எளிதில் குழம்பிவிடுவோம். நமது நாட்டில் அதியுயர்ந்த நீதிமன்றத்தை 'உயர் நீதிமன்றம்' என்கிறோம். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் கீழே மேல் நீதிமன்றம், பின்னர் மாவட்ட நீதிமன்றமும் நீதவான் நீதிமன்றமும் வருகின்றன. இந்தியத் தமிழிலோ நாட்டின் தலையாய நீதிமன்றம் 'உச்ச நீதிமன்றம்' எனப்படுகிறது. 'உயர் நீதிமன்றம்' என்பது அங்கே மாநில மட்டத்து நீதிமன்றம். ஆகவே பாத்திமா பீவி கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தார் என்று வாசிக்கும்போது அதுவே உச்சிப்படி என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு மேலும் ஒரு படி இருந்தது. அந்தப் படியில் 1989 வரை எந்தப் பெண்ணும் கால்வைக்கவில்லை.

இரசாயனவியலை விட்டுச் சட்டத்துக்கு

பாத்திமா பீவி 1927 ஏப்ரல் 30 ஆம் திகதி, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பத்தனம்திட்டாவில் பிறந்தார். அவ்வூர் இன்று கேரள மாநிலத்தில் இருக்கிறது. தந்தையார் மீரா சாகிபு, தாயார் கதீஜா பீவி. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பரந்து வாழும் இராவுத்தர் சமூகத்தைச் சேர்ந்த குடும்பம் அது. எட்டுப் பிள்ளைகளில் இவரே மூத்தவர். தந்தை அரசாங்க உத்தியோகத்தர்.

ஊரிலேயே பாடசாலைக் கல்வியை முடித்தவர், திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் இரசாயனவியலில் பட்டம் பெற்றார். அத்துறையிலேயே மேற்படிப்பைத் தொடர்வதுதான் அவருடைய எண்ணம். ஆனால் தந்தை, "நீ சட்டம் படி" என்றார்.

இந்த இடத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் இருந்தேன். ஏறக்குறைய எட்டுத் தசாப்தங்களுக்கு முன்பு ஒரு முஸ்லிம் தந்தை, தன் மகள் விஞ்ஞானம் படிக்க விரும்பியும், நீதிமன்றத்துக்குப் போகும்படி அவளைத் தூண்டியிருக்கிறார்! அவருக்கு அந்த எண்ணம் எப்படி வந்தது?

அதற்கு விடை அன்னா சாண்டி என்ற இன்னொரு பெண். திருவிதாங்கூரில் சட்டம் படித்து, 1937 இல் முன்சீப் பதவிக்கு நியமிக்கப்பட்டு, இந்தியாவின் முதற் பெண் நீதிபதியானவர் அவர். பின்னர் 1959 இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் உயர்ந்தார். அன்னா சாண்டியின் முன்னேற்றத்தைக் கண்ட மீரா சாகிபு, தன் மகளாலும் இது முடியும் என்று நம்பினார். ஒரு பெண் ஒரு படி ஏறினால் அதனால் பயன் பெறுவது அவள் மட்டுமல்ல. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு தந்தையின் மனமும் மாறுகிறது.

திருவனந்தபுரம் சட்டக் கல்லூரியில் அவருடைய வகுப்பில் ஐந்து பெண்களே இருந்தார்கள் என்றும், அடுத்த ஆண்டில் அது மூன்றாகக் குறைந்தது என்றும் சொல்வார்கள். நின்றுவிட்ட இருவரின் பெயர் யாருக்கும் தெரியாது. தொடர்ந்தவர்களில் ஒருவரைப் பற்றி இன்று நாம் படிக்கிறோம். பார் கவுன்சில் தேர்வில் பாத்திமா பீவி முதலிடம் பெற்றுத் தங்கப் பதக்கம் வென்றார். அப்பதக்கத்தைப் பெற்ற முதற் பெண்ணும் அவரே. 1950 நவம்பர் 14 ஆம் திகதி சட்டத்தரணியாகப் பதிவுசெய்துகொண்டு, கொல்லம் நீதிமன்றத்தில் தொழிலை ஆரம்பித்தார். தலையை மூடிக்கொண்டு வாதாட வந்த இளம் பெண்ணை அந்நாளில் பலர் வியப்போடு பார்த்திருக்கிறார்கள்.

படிப்படியாக

நீதிபதி ஆவதற்குப் பல வழிகள் உண்டு. பேர்பெற்ற சட்டத்தரணி ஒருவரை நேரடியாக மேல்நிலை நீதிமன்றத்துக்கு அழைப்பதுண்டு. பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பதும் உண்டு. நமது நாட்டின் உயர் நீதிமன்றத்தில் 1996 இல் முதற் பெண்ணாக நியமனம் பெற்ற கலாநிதி ஷிராணி பண்டாரநாயக்க சட்ட விரிவுரையாளராக இருந்து வந்தவர். பின்னர் 2011 இல் அவர் பிரதம நீதியரசருமானார்.

பாத்திமா பீவியின் வழி வேறு. அவர் ஏணியின் அடிப்படியில் கால்வைத்து ஒவ்வொரு படியாக ஏறியவர்.

1958 மே மாதத்தில் கேரள நீதிச் சேவையில் முன்சீப் ஆனார். முன்சீப் என்பவர் காணி, கடன், வாடகை போன்ற சிறிய குடியியல் வழக்குகளை விசாரிக்கும் கீழ்நிலை நீதிபதி. 1968 இல் சார்பு நீதிபதி, 1972 இல் தலைமைக் குற்றவியல் நீதவான், 1974 இல் மாவட்ட நீதிபதி. 1980 இல் வருமான வரி மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உறுப்பினர். 1983 ஓகஸ்ட் 4 ஆம் திகதி கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. அடுத்த ஆண்டில் அந்தப் பதவி நிரந்தரமாக்கப்பட்டது.

இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் 62 வயதில் ஓய்வுபெற வேண்டும். அதன்படி 1989 ஏப்ரல் 29 ஆம் திகதி அவர் ஓய்வுபெற்றார். அத்துடன் கதை முடிந்தது என்றே எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் ஐந்து மாதங்கள் கழிந்து, 1989 ஒக்டோபர் 6 ஆம் திகதி, அவர் இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாகப் பதவியேற்றார்.

உச்ச நீதிமன்றம் தொடங்கப்பட்டது 1950 ஜனவரியில். அதுவரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கே ஆண்கள் மட்டுமே தீர்ப்பெழுதினார்கள். அந்த மூடிய கதவைத் தாம் திறந்துவிட்டதாகப் பாத்திமா பீவி பிற்காலத்தில் கூறினார். அது தற்பெருமை அல்ல, உண்மை. அவருக்குப் பின் 1994 இல் சுஜாதா மனோகரும் 2000 இல் ரூமா பாலும் அங்கே நியமிக்கப்பட்டார்கள். 2014 இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆர். பானுமதி நியமனம் பெற்றார். 2021 இல் ஒரே நாளில் மூன்று பெண்கள் பதவியேற்றார்கள்.

உச்ச நீதிமன்றத்தில் ஓய்வு வயது 65. ஆகையால் 1992 ஏப்ரல் 29 வரை, இரண்டரை ஆண்டுகளே அவர் அங்கு இருந்தார். அக்காலத்துத் தீர்ப்புகளில் ஒன்று என் மனதைத் தொட்டது. கர்நாடகத்தில் ஒரு குடிசைப் பகுதியைச் சீரமைப்பதாக அரசாங்கம் முதலில் அறிவித்தது. பின்னர் அங்குள்ள மக்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் அந்த அறிவித்தலை மாற்றிவிட்டது. 1991 இல் பாத்திமா பீவி இருந்த அமர்வு, அம்மக்களின் பக்கத்தைக் கேட்காமல் அப்படிச் செய்தது செல்லாது என்றது. ஒருவருடைய வாழ்வைப் பாதிக்கும் முடிவை எடுக்கும் முன் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இயற்கை நீதி என்று சட்டத்தில் சொல்லப்படுவது இதைத்தான்.

அதே காலத்தில் எங்கள் ஊரில்

பாத்திமா பீவி டில்லியில் அந்த ஆசனத்தில் அமர்ந்து ஓராண்டும் 24 நாட்களும் கழிந்த பிறகு, 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறும்படி பணிக்கப்பட்டார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தையும் கேட்கப்படவில்லை. இயற்கை நீதி என்றால் என்னவென்று எனக்குப் புத்தகத்தைவிட உம்மும்மா சொன்ன அந்த நாளின் கதைதான் நன்றாக விளங்கப்படுத்தியது.

உம்மாவுக்கு அப்போது பத்து வயது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர். சோனகதெரு வீட்டிலிருந்து உடுத்த உடுப்போடு புறப்பட்டார்கள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பாடசாலை. உம்மா சாதாரண தரம் வரைதான் படித்தார். "நல்லாப் படிப்பாள், ஆனா அப்ப எங்களுக்குப் படிப்பா முக்கியம்? தண்ணிக்கு வரிசையில நிக்க ஆள் வேணும்" என்பார் உம்மும்மா. அதைச் சொல்லும்போது உம்மாவின் முகத்தை அவர் பார்க்கமாட்டார்.

யுத்தம் முடிந்து எங்கள் குடும்பம் திரும்பியபோது சோனகதெரு வீட்டின் சுவர்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. மருதனார்மடம் சந்தைக்கருகில் வாப்பாவுக்கு ஒரு தையற்கடை கிடைத்ததால் இங்கேயே வாடகைக்கு இருந்துவிட்டோம். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இராமநாதன் கல்லூரி இருக்கிறது. 1913 இல் பெண் பிள்ளைகளுக்காக அதை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒரு சட்டத்தரணிதான். நாள்தோறும் பஸ்ஸில் அந்த மதிலைக் கடந்துதான் நான் பாடசாலைக்குப் போகிறேன்.

ஆளுநர் பதவியும் விமர்சனங்களும்

ஓய்வுபெற்ற பின் பாத்திமா பீவி 1993 இல் இந்தியத் தேசிய மனித உரிமைகள் ஆணைக்குழுவின் உறுப்பினரானார். 1997 ஜனவரி 25 ஆம் திகதி தமிழ்நாட்டின் ஆளுநராகப் பதவியேற்றார்.

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஏனெனில் அவர் அதிகம் விமர்சிக்கப்பட்டது இக்காலத்தில்தான். ஆனால் ஒரு நீதிபதியைப் பற்றி எழுதும்போது ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நீதியாகாது.

முதலாவது, 1999 இல் நடந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்ட நால்வரின் கருணை மனுக்களை அவர் நிராகரித்தார். ஆளுநர் இத்தகைய விடயத்தில் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும், அந்த ஆலோசனை பெறப்படவில்லை என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நிராகரிப்பை இரத்துச் செய்தது. பின்னர் 2000 இல் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நால்வரில் ஒரு பெண்ணின் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. மற்ற மூவரின் தண்டனையும் 2014 இல் உச்ச நீதிமன்றத்தால் குறைக்கப்பட்டது.

இரண்டாவது, 2001 இல் நடந்தது. தண்டனை பெற்றிருந்ததால் தேர்தலில் போட்டியிட முடியாதிருந்த ஜெயலலிதாவை, அவருடைய கட்சி பெரும்பான்மை பெற்றதை வைத்து, முதலமைச்சராகப் பதவியேற்க ஆளுநர் அழைத்தார். சில வாரங்களில், யூன் 30 அதிகாலையில், முன்னாள் முதலமைச்சர் மு. கருணாநிதி கைதுசெய்யப்பட்டது பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. ஆளுநரைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அமைச்சரவை பரிந்துரைத்த நிலையில் அவர் பதவி விலகினார். அவ்வாண்டு செப்டெம்பர் 21 ஆம் திகதி, தகுதியிழந்த ஒருவரை முதலமைச்சராக நியமித்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. ஜெயலலிதா அந்தத் தண்டனையிலிருந்து மேன்முறையீட்டில் விடுவிக்கப்பட்டது டிசெம்பரில்தான்.

இதை உம்மாவிடம் வாசித்துக் காட்டியபோது, "அப்ப அவவும் பிழை விட்டிருக்கிறாவே" என்றார். ஆம். தாம் அமர்ந்திருந்த அதே உச்ச நீதிமன்றமே தமது முடிவைப் பிழை என்று கூறியதை அவர் தம் வாழ்நாளில் கண்டார். எனக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. முதற் பெண்ணாக வருபவர் பிழையே விடாதவராக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆண்களிடம் அப்படி எதிர்பார்ப்பதில்லை. எவ்வளவு பெரியவரின் முடிவையும் இன்னொரு மன்றம் பரிசீலிக்கலாம் என்பதற்காகத்தானே மேன்முறையீடு என்ற ஒன்றே இருக்கிறது.

2023 நவம்பர் 23 ஆம் திகதி, தமது 96 ஆவது வயதில், கொல்லத்தில் அவர் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பிறந்த ஊரான பத்தனம்திட்டாவிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருதை அறிவித்தது.

உலகமும் நாமும்

பெண்கள் நீதி ஆசனத்துக்கு வருவது எங்கும் தாமதமாகவே நடந்திருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றத்துக்கு முதற் பெண் வந்தது 1981 இல். பாகிஸ்தானில் ஆயிஷா மலிக் வந்தது 2022 இல். ஆனால் மேற்கு ஆபிரிக்காவின் கானாவில் ஆனி ஜியாகே 1961 இலேயே மேல் நீதிமன்ற நீதிபதியாகிவிட்டார். அதே நாட்டில் 2007 இல் ஜோர்ஜினா வுட் என்ற பெண் பிரதம நீதியரசரானார். வசதி படைத்த நாடுகளில்தான் இது முதலில் நடக்கும் என்பதில்லை.

நமது நாட்டிலோ முஸ்லிம்களுக்குத் தனியான ஒரு கதவும் உண்டு. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், காதி நீதிபதியாக முஸ்லிம் ஆண் ஒருவரையே நியமிக்கலாம் என்கிறது. காதியின் முன் சட்டத்தரணிகள் தோன்றுவதற்கும் அச்சட்டம் இடமளிக்கவில்லை. இச்சட்டத்தை மாற்றுவது பற்றி ஆராய உயர் நீதிமன்ற நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2018 இல் அறிக்கை கையளிக்கப்பட்டபோது, பெண் காதி உள்ளிட்ட பல விடயங்களில் குழுவினரிடையே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. அறிஞர்களே உடன்படாத ஒன்றில் பதினேழு வயது மாணவி தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நான் கண்ட ஒன்றைச் சொல்லலாம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு சாச்சி, விவாகரத்து விசாரணைக்காக மூன்று தடவை போய்வந்தார். துணைக்கு உம்மாவும் போனார். ஆண்கள் நிறைந்த அறையில், தமக்கு வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சாச்சியால் சொல்ல முடியவில்லை. "ஒண்டும் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம். வீட்டுக்கு வந்து உம்மாவின் மடியில் தலைவைத்து எல்லாவற்றையும் சொல்லி அழுதார். நான் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் சொல்வதைக் கேட்பதுதான் நீதியின் தொடக்கம் என்றால், சொல்ல முடியாமல் தவிப்பவரைச் சொல்லவைக்கக்கூடிய ஒருவரும் அங்கே இருக்க வேண்டாமா? நான் சட்டம் படிக்க விரும்புவதன் காரணம் அன்றுதான் எனக்கே விளங்கியது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

சாதாரண தரத்தில் எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பேர் இருந்தோம். உயர்தரத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர். மற்ற ஏழு பேரில் பெறுபேறு போதாமல் நின்றவர்கள் இருவர் மட்டுமே. மற்றவர்களுக்கு வீட்டில் "போதும்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி கணிதத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி.

எல்லாப் பிள்ளைகளும் நீதியரசராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாத்திமா பீவியும் நீதியரசராவேன் என்று எண்ணித் திருவனந்தபுரம் போனவர் அல்லர். மூன்று தசாப்தங்கள் ஒவ்வொரு படியிலும் தம் வேலையைச் செய்தார். முதற் படியில் அவரை ஏற்றிவிட்டவர் ஒரு சாதாரண அரசாங்க உத்தியோகத்தரான தந்தை. எட்டுப் பிள்ளைகளின் தகப்பன் அவர். செலவைக் காரணம் காட்டியிருக்கலாம், ஊரைக் காரணம் காட்டியிருக்கலாம். அவர் காட்டவில்லை.

அன்று இரவு எங்கள் வீட்டு மாநாட்டில் கடைசியாகப் பேசியவர் உம்மா. வழக்கமாக மாமா இருக்கும்போது அதிகம் பேசமாட்டார். "நான் பத்து வயசில விட்டது. அவள் படிக்கட்டும்" என்றார். வாப்பா சற்று நேரம் தைத்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்தார். பிறகு, "கலைப்பிரிவுக்கே விண்ணப்பம் போடுங்க" என்றார்.

இப்போது நான் அரசறிவியல், தமிழ், இஸ்லாமிய நாகரிகம் ஆகிய பாடங்களைப் படிக்கிறேன். மாமா இன்னமும் வகுப்புக்கு ஏற்றிப்போகிறார். இந்தக் கட்டுரையை முதலில் அவரிடம்தான் வாசிக்கக் கொடுத்தேன். முழுவதையும் வாசித்துவிட்டு, "அந்த மீரா சாகிபு என்ன வேலை செய்தவர் எண்டு சொன்னனி?" என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாமாவுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். மூத்தவள் இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறாள்.